சுவரோடு முடுக்கிய பியானோ

எங்கள் வீட்டில் மூன்று அறைகள். முன்னறை வருகிறவர் போகிறவருக்கு. நடு அறை என் மனைவிக்கு, அதில் சுவரோரமாக ஒரு ஆள் படுக்கிற இடம் எனக்கு. மூன்றாவது, பின்பக்கம் எட்டுக்கு ஒன்பது அடியில் இருக்கிறதே, அது முழுக்க முழுக்க என்னுடையது. அதை மட்டும் உயிரே போனாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டே சபதம் எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

சபதத்துக்குக் காரணம், ஐந்து நிமிடம் முன்னால் நடந்த பேச்சுவார்த்தை.

"என்னங்க."

"ம்."

"மாசக் கடைசிக்குள்ள அந்தப் பின் ரூம் எனக்கு வேணும்."

"அது என் ரூமாச்சே."

"அது ரூம்னே எனக்கு மறந்து போச்சு. பன்னெண்டு வருஷமா அதோட தரையப் பாத்ததில்ல."

"உள்ள இருக்கறது எல்லாம் விலைமதிப்பில்லாத சாமான்."

"அதத்தான் நானும் சொல்றேன். விலையும் இல்ல, மதிப்பும் இல்ல."

"ஒரே நாள்ல காலி பண்ணுன்னா எப்படி?"

"ஒரே நாள்ல யாரு சொன்னா? நாலு வாரம் இருக்கு."

அவ்வளவுதான். கோபமில்லை, சத்தமில்லை. அவள் மதியம் வரை மருந்துக்கடையில் பில் போடுகிறவள். டாக்டர் கையெழுத்தையே ஒரு பார்வையில் படித்துவிடுகிறவள். என் முகத்தில் எழுதியிருப்பதைப் படிக்க அவளுக்கு அரை நொடிகூட ஆகாது. அதனால்தான் சபதத்தைக் குளியலறையில் வைத்துக்கொண்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு கட்டடத்தில் பழைய லிஃப்டைக் கழற்றிப் புதுசு மாட்டும்போது, கழற்றியதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவருவேன். மாடிக்கு மாடி வைத்திருந்த பொத்தான்கள், அம்புக்குறி விளக்குகள், கன்ட்ரோல் போர்டுகள், கட்டுக்கட்டாக வயர், கூண்டின் உள்சுவரில் பதித்திருந்த தேக்குப் பலகைகள், "கதவு மூடுகிறது" என்று பேசுகிற குரல் பெட்டி, லிஃப்ட்மேன் உட்காருகிற ஸ்டூல்கள். என்றைக்காவது உதவும் என்பது என் கொள்கை. அந்த என்றைக்காவது இருபத்திரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

அந்த அறைக்குள் ஒரு காலைத் தாராளமாக வைக்கலாம். இரண்டாவது காலை வைக்க யோசிக்க வேண்டும். ஆனால் அங்கே நின்றால்தான் எனக்கு மூச்சு விடவே வருகிறது. வேலையில் மேலதிகாரி, வீட்டில் மேலிடம். நடுவில் எனக்கென்று இருப்பது எட்டுக்கு ஒன்பது அடி. அதுவும் போய்விட்டால் நான் எங்கே போய் நிற்பேன், நீங்களே சொல்லுங்கள்.

அன்று மதியமே மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடங்களுக்கும் மண்டபங்களுக்கும் கரண்ட் வேலை பார்க்கிறவன். என்னை "அத்தான்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரே ஜீவன். தோளில் நாலரை அடி நீளத்துக்கு எதையோ சுமந்துகொண்டு மூச்சு வாங்க நின்றான்.

"என்னடா மச்சான், பெஞ்சா?"

"டிஜிட்டல் பியானோ அத்தான். ஒரு ஸ்கூல்ல மழைத்தண்ணி புகுந்து இதோட மூளை போயிடுச்சு. தூக்கிப் போடச் சொன்னாங்க. கட்டையெல்லாம் அம்சமா இருக்கு. எண்பத்தெட்டுக் கட்டை. பாத்ததும் உங்க ஞாபகம் வந்துச்சு."

"மூளை இல்லாததப் பாத்தா என் ஞாபகமா?"

"கட்டையப் பாத்து அத்தான்."

எண்பத்தெட்டுக் கட்டையோடு நின்ற எண்பத்தொன்பதாவது கட்டை நான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு மூளை வேலை செய்தது. வெள்ளைக் கட்டை ஒன்றை அழுத்திப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. ஆனால் அழுத்தினால் ஒரு கனம், விட்டால் மெதுவாக எழும்பி வருகிற ஒரு நிதானம். நல்ல லிஃப்ட் மாடியில் வந்து நிற்கிற மாதிரி, குலுக்கல் இல்லாமல். எனக்கு அப்போதே புல்லரித்தது.

"அக்கா இத உள்ள விடமாட்டா," என்று மச்சான் கவலையாகச் சொன்னான். "ஒரு முழு பியானோவா நின்னுடுச்சுன்னா வேற விஷயம். அத யாரு அசைக்க முடியும்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குள் மணி அடித்தது. பியானோ. ஓட்டை ஒடிசலை எவளும் வெளியே போடச் சொல்லலாம். பியானோவை எவள் சொல்லுவாள்? அதுவும் வெறுமனே நிற்க வைத்த பியானோ இல்லை. லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தைச் சுவரில் பிடித்து வைக்கிற போல்ட் போட்டு முடுக்கிய பியானோ. பியானோ அறையை விட்டுப் போகாது. பியானோ என்னுடையது. ஆக, அறை என்னுடையது. இதைக் கண்டுபிடித்த என் முதுகை நானே தட்டிக்கொண்டேன், கை எட்டிய வரைக்கும்.

மச்சான் கொண்டுவந்ததை முதலில் அறைக்குள் தள்ளிவிட்டு, மனைவியிடம் பக்குவமாக ஆரம்பித்தேன்.

"ஒரு பியானோ பண்ணலாம்னு இருக்கேன்."

"பியானோவா? நம்ம வீட்ல யாரு வாசிக்கறது?"

"முதல்ல பண்ணுவோம். வாசிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க பண்ணிடுவீங்களா?"

"பதினெட்டு மாடி லிஃப்டையே நிறுத்தி ஓட்டறவன் நான்."

"நிறுத்தறது தெரியும். போன வாரம் பேப்பர்லகூட வந்துச்சு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். அவள் பின்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, பண்ணுங்க. ஒரே ஒரு கண்டிஷன். புதுசா எதுவும் வரக் கூடாது. அந்த ரூம்ல இருக்கற சாமானை வச்சேதான் பண்ணணும்."

"சம்மதம்."

"எது பியானோக்குள்ள போகுதோ அது இருக்கட்டும். எது போகலையோ அது வீட்டுக்கு வெளிய."

"சம்மதம், சம்மதம்."

இரண்டு தடவை சம்மதம் சொன்னேன்.

எனக்குக் காலை ஷிஃப்ட். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அறைக்குள் நுழைந்துவிடுவேன். திட்டம் சுலபமானது. செத்துப்போன மூளைக்குப் பதிலாக ஒரு லிஃப்ட் கன்ட்ரோல் போர்டு. எந்த மாடியில் எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று கண்டுபிடிப்பதுதானே அதன் தொழில், மாடிக்குப் பதில் கட்டை. அந்தச் செய்தியை வாங்கிச் சத்தமாக மாற்ற, ஆபீஸில் கழித்துப் போட்ட, திரையில் விரிசல் விட்ட ஒரு லேப்டாப். சத்தத்தை வெளியே சொல்ல, குரல் பெட்டியின் ஸ்பீக்கர். எல்லாம் அறைக்குள்ளேயே இருந்தது. இருபத்திரண்டு வருஷமும் இதற்காகத்தான் சேர்த்தேனோ என்றுகூடத் தோன்றியது.

முதல் வாரக் கடைசியில் வயரெல்லாம் பற்றவைத்து, மனைவியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, நடுக்கட்டையை அழுத்தினேன்.

"கதவு மூடுகிறது," என்றது பியானோ.

பக்கத்துக் கட்டையை அழுத்தினேன். "கதவு திறக்கிறது." அதற்குப் பக்கத்தில், "தரைத்தளம்." குரல் பெட்டிக்குள் பழைய பதிவு அப்படியே இருந்திருக்கிறது. பதற்றத்தில் நான் இன்னும் நாலைந்து கட்டைகளை அழுத்த, அந்தப் பெண்மணி கதவை மூடி, திறந்து, மூடி, என்னை ஏழாவது தளத்தில் இறக்கிவிட்டாள்.

"நல்ல குரல்," என்றாள் மனைவி. "யாரு இவங்க? நான் இல்லாதப்ப வீட்டுக்கு வர்றவங்களா?"

வாசலில் பெல் அடித்தது. கீழ்வீட்டுக் கண்டக்டர். ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம் ஆகிறது, ஆனால் பஸ்ஸை விட்டு இன்னும் இறங்கவில்லை. படிக்கட்டில் நாலு பேர் நின்றால் "உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்பார்.

"சார், யாரோ ஒரு அம்மா திரும்பத் திரும்பக் கதவ மூடச் சொல்றாங்க. நானும் எழுந்து எழுந்து மூடறேன். மூட்டு வலிக்குது."

அந்தப் பதிவைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாள் உண்மையான சத்தம் வந்தது. ஒரு கட்டையை அழுத்தினேன், கணீரென்று எழுந்தது. விரலை எடுத்தேன். நிற்கவில்லை. இன்னொரு கட்டை. இரண்டும் சேர்ந்து ஒலித்தன. பத்துக் கட்டை அழுத்தினேன். பத்தும் சேர்ந்து, ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மனைவி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"விரல எடுத்தா சத்தம் நிக்கணும்."

"லிஃப்ட் போர்டு அப்படித்தான். ஒரு தடவை அமுக்கினா, லிஃப்ட் வந்து சேர்ற வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கும்."

"இங்க எந்த லிஃப்ட் வந்து சேரும்?"

நியாயமான கேள்வி. அந்த ஞாபகத்தை அழிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு விரலை எடுத்தால் சத்தம் நின்றது. நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு கட்டையை மெல்லத் தொட்டாள். பிறகு அதையே ஓங்கிக் குத்தினாள். இரண்டுக்கும் ஒரே சத்தம்.

"இது பியானோ இல்லங்க. காலிங் பெல்."

"ஏன்?"

"மெல்லத் தொட்டா மெல்லக் கேக்கணும். குத்தினா குத்தின மாதிரி கேக்கணும்."

"லிஃப்ட்ல அப்படியெல்லாம் கிடையாது. முதலாளி மெல்லத் தொட்டாலும் சரி, அவசரக்காரன் குத்தினாலும் சரி, ஒரே வேகத்துலதான் வரும். அதுதான் நியாயம்."

"நியாயத்த யாரு காசெட் போட்டுக் கேக்கப் போறா." அவள் குனிந்து, நான் திறந்து வைத்திருந்த அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ரெண்டு ரப்பர் இருக்கே. எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஸ்பேர்."

"ஸ்பேரா?"

"லிஃப்ட்ல எல்லாத்துக்கும் ஸ்பேர் உண்டு. ஒரு பிரேக் போச்சுன்னா இன்னொரு பிரேக். இதுவும் அப்படித்தான். நான் ரெண்டையும் ஒண்ணா சேத்துப் பற்றவச்சுட்டேன். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "எண்பத்தெட்டுக்கும் ஸ்பேர் வைப்பாங்களா? ரெண்டும் ஒரே உயரமா இருக்கான்னு பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பார்த்தேன். ஒரே உயரமில்லை. ஒன்று ஒரு மயிரிழை முந்தியது, ஒன்று பிந்தியது. சாயங்காலம் முழுக்க அதையே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. புரிந்ததும் அப்படியே வயர்க் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கட்டையை அழுத்துகிறோம். முதல் ரப்பர் தொடுகிறது. கொஞ்சம் கழித்து இரண்டாவது தொடுகிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கருவி எண்ணிப் பார்க்கிறது. ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கி, அதில் மூன்று துண்டுதான் ஆயிற்று என்றால் ஓங்கிக் குத்தியிருக்கிறார்கள். ஐம்பது துண்டு ஆயிற்று என்றால் தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டிருக்கிறார்கள். எடை பார்க்கவில்லை, பலம் பார்க்கவில்லை. நேரத்தை மட்டும் பார்த்து, தொட்டவர் கோபமாக இருக்கிறாரா பிரியமாக இருக்கிறாரா என்று தெரிந்துகொள்கிறது. இதை யோசித்தவன் மனிதனா தெய்வமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். இருபத்திரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான பொத்தான்களுக்கு வயர் இழுத்திருக்கிறேன். நீ எப்படித் தொட்டாய் என்று ஒரு பொத்தான்கூட யாரையும் கேட்டதில்லை.

எண்பத்தெட்டு ஸ்பேரையும் பிரித்தேன். நூற்றெழுபத்தாறு வயர். மறுபடி ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டேன். ஒரு நல்ல பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று தனித்தனியாகத் தட்டிப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ இணையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும். அதை லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டையைத் தொட்டேன். மெல்லத் தொட்டேன், மெல்லப் பேசியது. இன்னும் மெல்லத் தொட்டேன், என் காதுக்கு மட்டும் பேசியது. லிஃப்ட் குப்பைக்குள் எங்கிருந்து வந்தது இந்தக் குரல் என்று திகைத்துப் போய் நின்றேன். ஒரு மணி நேரம் அந்த ஒரே கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், அடுத்த ஸ்டாப்புக்குப் போகலாமா," என்று கீழேயிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

இதற்கு நடுவில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சடங்கு. பழைய இரும்புக்காரர் வாசலில் வண்டியோடு நிற்பார். மனைவி அறை வாசலில் நின்று ஒவ்வொரு சாமானாகத் தூக்கிக் காட்டுவாள்.

"இது பியானோக்குள்ள போகுமா?"

"அது... அம்புக்குறி விளக்கு. போகாது."

"வெளிய. இது?"

"அது மோட்டார் மூடி. அத எப்படி உள்ள வைக்க முடியும்?"

"அதத்தான் கேக்கறேன். வெளிய."

அழுகை வரும். ஆனால் என் மனசெல்லாம் பியானோவில் இருந்தது. போனால் போகட்டும், ராஜ்யம் பெரிசா, ரெண்டு மூட்டை இரும்பு பெரிசா என்று தேற்றிக்கொள்வேன்.

மூன்றாவது வாரம் கூடு கட்டினேன். ஒரு பெரிய கட்டடத்து லிஃப்டிலிருந்து வந்த தேக்குப் பலகை. முப்பது வருஷம் ஜனங்கள் சாய்ந்து சாய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. மெழுகு போட்டுத் தேய்த்ததும் முகம் தெரிந்தது. பிறகு போல்ட். சுவரில் எட்டு ஓட்டை. ஒவ்வொரு போல்ட்டும் ஒரு டன் தாங்கும். பியானோ சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க மனைவி தானாகவே வந்து ரசமட்டம் பிடித்தாள். என் பலே திட்டம் தெரியாமல் இவளே வந்து உதவுகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"ஜன்னல் பக்கம் ரெண்டு விரக்கடை தள்ளி வைங்க. வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வரணும்."

"சரி."

"உயரத்த நான் உக்காந்து பாத்துச் சொல்றேன். முழங்கை இந்த மட்டத்துக்கு வரணும். இன்னும் கொஞ்சம் கீழ. இப்ப முடுக்குங்க."

"சரி."

"ஸ்டூல் ஒண்ணு போதாதுங்க. ரெண்டு போடுங்க."

"எதுக்கு ரெண்டு?"

"ஒருத்தர் வாசிக்கறப்ப பக்கத்துல ஒருத்தர் உக்காந்து பாக்க வேண்டாமா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் வாசிக்க, இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நான் ஒரு வேலை செய்ய அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்ததே கிடையாது. லிஃப்ட்மேன் ஸ்டூல் இரண்டுக்கும் புதுசாக மெத்தை தைத்தேன். அதே அறை மூலையில் கிடந்த அவளுடைய பழைய தையல் மிஷினின் கால் பெடலைக் கழற்றி, பியானோவுக்குக் காலால் மிதிக்கிற கட்டையாக மாட்டினேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மாசக் கடைசி ஞாயிறு. மச்சான் வந்தான். கண்டக்டர், "என்னதான் ஏத்தறீங்கன்னு பாத்துட்டுப் போறேன்," என்று மேலே வந்தார். அறையில் பியானோவும் இரண்டு ஸ்டூலும் மட்டும். பேசினால் எதிரொலி கேட்டது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது, ஆனால் வெற்றி நாளில் இதையெல்லாம் யார் யோசிப்பார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தேன்.

"நாலு வாரம் முன்னாடி இந்த ரூம காலி பண்ணச் சொன்னே. மன்னிக்கணும். முடியாது. எட்டு போல்ட். சுவரே இடிஞ்சாலும் பியானோ அசையாது. கழட்டணும்னா சுவரத்தான் கழட்டணும்."

அவள் அமைதியாகக் கேட்டாள்.

"அப்போ இது இந்த ரூம விட்டு எங்கயும் போகாது?"

"போகாது."

"வேற சாமானும் இங்க வைக்க முடியாது?"

"எங்க இருக்கு இடம்?"

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"எனக்கு அது போதும்ங்க," என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வளையல்களைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். பெடலில் காலை வைத்தாள். அந்தக் கால் போய் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தேடவில்லை அந்தக் கால்.

பிறகு வாசித்தாள்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். லிஃப்டில் கூண்டு மேலே போனால், எதிர்ப்பக்கத்தில் எடைக்கல் கீழே வரும். இரண்டும் நடுவில் ஒரு இடத்தில் ஒன்றையொன்று கடந்து போகும், உரசாமல். அவளுடைய இரண்டு கைகளும் அப்படிப் போயின. வலது கை மேலே ஏறியது, இடது கை கீழே இறங்கியது, நடுவில் கடந்தன, திரும்பின. நான் பற்றவைத்த நூற்றெழுபத்தாறு வயரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. மெல்ல என்றால் அவ்வளவு மெல்ல. இவ்வளவு மெல்லத் தொட முடியும் என்று நான் அளந்தபோதுகூட எனக்குத் தெரியாது. பிறகு மெதுமெதுவாகப் பெருகி அறை முழுக்க நிறைந்து என் காலடித் தரை வழியாக ஏறி வந்தது. என் தேக்குப் பலகை நடுங்கியது. என் கண்ணில் தண்ணீர் வந்தது. நான் எவ்வளவு பெரிய விஷயத்தைச் செய்திருக்கிறேன் என்று நினைத்து அழவில்லை. பன்னிரண்டு வருஷமாக எவ்வளவு பெரிய விஷயத்தோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் என்று நினைத்து அழுதேன்.

முடிந்தது. கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி. ஒன்பது வருஷம்."

"ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"பியானோ இல்லாத வீட்ல பியானோ தெரியும்னு சொல்லி என்ன பண்றது? விரல் மறந்துடக் கூடாதுன்னு சாப்பாட்டு மேசையில தட்டிப் பாத்துக்குவேன், தினமும்."

அந்தத் தட்டல் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பத்து விரலும் மேசையில் தடதடவென்று ஓடும். கோபமாக இருக்கிறாள் போல என்று பயந்து, உடனே எழுந்து போய்க் குப்பையைக் கொட்டிவிட்டு வருவேன். எங்கள் தெருவிலேயே தினம் தவறாமல் குப்பை கொட்டுகிற புருஷன் என்று எனக்கு நல்ல பெயர்.

"அப்போ ரூம் கேட்டது?"

"பியானோ சொல்லிக்கொடுக்க. ரொம்ப நாளா நாலஞ்சு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. எதுக்கு ரூம்னு நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். சபதம் எடுக்கப் போய்விட்டேன். மச்சானைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ரொம்ப அக்கறையாகக் கூரையில் ஃபேன் மாட்டுகிற கொக்கியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அந்தப் பியானோவத் தூக்கிப் போடச் சொன்னது எந்த ஸ்கூல்டா?"

"ஸ்கூல் உண்மைதான் அத்தான். தூக்கிப் போடச் சொன்னதும் உண்மைதான். இங்க தூக்கிப் போடச் சொன்னது மட்டும் அக்கா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான்கு வாரத்தில் அறையைக் காலி செய்ய வைத்து, சாமானை என் வாயாலேயே வெளியே அனுப்ப வைத்து, பியானோவை என் கையாலேயே கட்ட வைத்து, தன் முழங்கை உயரத்துக்கு என்னையே முடுக்கவும் வைத்தவளை எப்படிக் கோபித்துக்கொள்வது? மலையைப் பார்த்து யாராவது கோபித்துக்கொள்வார்களா?

இப்போது தினமும் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை வகுப்பு. ஸ்டூல் ஒன்றில் மாணவர், பக்கத்து ஸ்டூலில் அவள். கண்டக்டருக்குச் செவ்வாயும் வியாழனும். கீழே ஒரு பழைய ஆர்மோனியத்தைத் தூசி தட்டி வைத்துக்கொண்டு மனுஷன் வெறியாகப் பயிற்சி செய்கிறார். நான் மூன்று மணிக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். சுவர் வழியாக வருவதைக் கேட்பேன். ஏதாவது ஒரு கட்டை மக்கர் செய்தால் கூப்பிடுவார்கள், ஸ்க்ரூடிரைவரோடு போய்ச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவேன். மற்றபடி உள்ளே எனக்கு வேலையில்லை.

ஆனால் அந்த ஒரு கட்டையைத் தொட்ட ஞாபகம் என்னை விடவில்லை. விரல் அரித்துக்கொண்டே இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் நோட்டில் மாணவர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எனக்கும் கத்துக்கொடேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. உண்மையான பிரியம்தான் இருந்தது. பேனாவை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"தாராளமா. ஆனா எல்லாருக்கும் வச்ச ரூல் உங்களுக்கும் உண்டு. வீட்ல பழகிப் பாக்கத் தனியா ஏதாவது கருவி இருக்கணும்."

"தனியா எதுக்கு? இதோ இந்தப் பியானோ இருக்கே."

"அது கிளாஸ் பியானோங்க," என்றாள். "வீட்ல பியானோ இல்லாதவங்கள நான் சேத்துக்கறதில்ல."